எச்சரிக்கை எங்கே முடிகிறது

ஹௌகெசுண்ட். டிசம்பர், மூன்றரை மணி.
சன்னலுக்கு வெளியே கடல் அதற்குள் கறுத்துவிட்டது.
இங்வில்லின் மேசையில் ஒரு கப்பல் எஞ்சினின் கையேடு,
ஆயிரத்து நானூறு பக்கம்,
எஸ்ஜிஎம்எல்லில் எழுதிப் பன்னிரண்டு வருஷம்.
ஜனவரிக்குள் அது எக்ஸ்எம்எல் ஆகவேண்டும்.
ஒப்பந்தம் அப்படி.

பழையது தொகைச்சொல் மாதிரி:
உருபு மறையும், பொருள் மறையாது.
பத்தி தொடங்கும். முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை.
அடுத்த பந்தி உட்கார்ந்துவிட்டால்
முந்தைய பந்தி எழுந்துவிட்டது என்பதுபோல
அடுத்த பத்தி வந்தால் முந்தையது முடிந்தது.
பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, பேதமில்லை.
மேற்கோள் குறியில்லாமல் வரும் மதிப்பையும் உள்ளே விடும்.
இத்தனை தாராளத்துக்கும் பின்னால்
ஒரு விதித்தொகுப்பு உட்கார்ந்திருக்கிறது,
எதற்குள் எது வரலாம், எதை விழுங்கலாம் என்று.
அதைப் படிக்காதவனுக்கு
இந்த மௌனங்கள் வெறும் மௌனங்கள்.

புதியது விரித்துச் சொல் என்கிறது.
திறந்தாயா, மூடு.
உள்ளே ஒன்றுமில்லையா,
ஒன்றுமில்லை என்று ஒரு சாய்கோடாவது இழுத்துவிட்டுப் போ.
விதித்தொகுப்பு தொலைந்த ஊரிலும்
என்னை வாசிக்க முடியவேண்டும், அதற்குத்தான் இந்தக் கறார்.
ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனால் போதும்,
அங்கேயே நிற்கும்.
மிச்சம் ஆயிரம் பக்கம் சுத்தமாக இருந்தாலும்
ஓரடி நகராது.

எதிர் மேசை எஸ்கில் இணையப் பக்கம் செய்பவன்.
அவனுடைய எச்டிஎம்எல் இதே வீட்டுப் பிள்ளைதான்,
ஆனால் உலாவிகள் செல்லம் கொடுத்து வளர்த்தது.
தடித்த எழுத்தை மூட மறந்தால்
பக்கம் முழுக்கத் தடித்துக்கொண்டே போகும்.
ஒருவரும் புகார் சொல்லமாட்டார்கள்.

"என்னிடம் கொடு, அரை நாளில் திரைக்கு வந்துவிடும்."
"வரும். எச்சரிக்கை என்று ஒரு குறி
வைத்திருக்கிறாயா நீ?"
எஸ்கில் யோசித்தான்.
"சிவப்பு வைத்திருக்கிறேன்."

பக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
'அழுத்தம் தணியும்வரை மூடியில் கை வைக்காதே.'
எச்சரிக்கை திறந்திருக்கிறது. மூடவில்லை.
கீழே பதினோரு படிகள்.

அலமாரியில் விதித்தொகுப்புகள் இரண்டு.
முதலாவதன்படி எச்சரிக்கைக்குள் பத்தி மட்டும்தான் வரும்;
முதல் படி வந்ததுமே அது முடிந்துபோகிறது.
நாலு வருஷம் கழித்துத் திருத்தியதில் படிகளுக்கும் இடமுண்டு;
பதினொன்றும் எச்சரிக்கையின் வயிற்றுக்குள்.
எதை நம்பி எழுதினார்கள் என்று
கோப்பின் தலையில் குறித்திருக்கவேண்டும்.
குறித்த வரியை யாரோ நகலெடுக்கும்போது விட்டுவிட்டார்கள்.

இரண்டில் ஒன்றைப் பிடித்து மூடிவிட்டு
வீட்டுக்குப் போயிருக்கலாம்.
இங்வில் துறைமுகத்துக்குப் போன் போட்டாள்.
எஞ்சின் அறையிலிருந்து ஹால்வ்தான் கத்தினான்:
"என்ன? எங்கே முடிகிறதா? காகிதத்திலா?"
"வேலையில்."
இரைச்சல். யாரையோ எதையோ நிறுத்தச் சொன்னான்.
"ஏழாவது படியில் முள் கீழே இறங்கும்.
அதுவரை என் ஆட்கள் பக்கத்தில் நிற்கவும் கூடாது."
விடைபெறாமலே வைத்துவிட்டான்.
பழைய வழக்கம்; முடிந்ததாகவே அர்த்தம்.

ஏழு.
இரண்டு தொகுப்பிலும் இல்லாத ஏழு.

ஏழாவது படிக்குப் பின் மூடுகுறியை வைத்தாள்.
சரிபார்க்கும் நிரல் ஓடியது.
பிழை இல்லை என்றது.
காலையில் சோதனைக்காக முதல் படிக்கு முன்னால் மூடியபோதும்
பிழை இல்லை என்றுதான் சொன்னது.

வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதினாள்:
'பக்கம் 612. இங்கே நான் வடிவத்தை மாற்றவில்லை,
பொருளைத் தொட்டிருக்கிறேன். பார்க்கவும்.'

பிறகு அறுநூற்றுப் பதிமூன்று.
அங்கே ஓர் அட்டவணை,
மூடாத கட்டங்கள் நாற்பத்தாறு.
எஸ்கில் கோட்டை மாட்டிக்கொண்டு கேட்டான்,
"சிவப்பு எதுவரைக்கும்?"